பத்து வெள்ளியும் தோட்டத்து நிலமும்

நிலத்தில் முதலிடப் பெருஞ்செல்வம் வேண்டும் என்பது பலர் எண்ணம். அது முற்றும் சரியன்று என்பதற்கு நம் தோட்டப்புற வரலாறே சான்று.

1957இல் மலாயா விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, ஐரோப்பிய முதலாளிகள் பலர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். பால்மரம் சீவிய மக்கள் வேலையையும், குடியிருந்த லயத்தையும் ஒருங்கே இழந்தனர்.

இந்நிலையில் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்று 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகச் செலுத்த இடமிருந்தது. அவ்வாறு சேர்ந்த பணத்தால் 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று.

புதிதாக முதலிடுவோர் இதிலிருந்து அறியத்தக்கவை இரண்டு. முதலாவது, சிறுதொகையேனும் தவறாது சேமித்தால், தனியே இயலாததைக் கூடி வாங்கலாம். இரண்டாவது, பங்கு வேறு, பட்டா வேறு. கூட்டுறவில் நிலம் சங்கத்தின் பெயரில் இருக்கும். உறுப்பினர்க்கு உரியது இலாபப் பங்கே. தனியே வாங்குவோர் முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் பட்டாவை ஆராய்க: உரிமையாளர் யார்? அடமானம் உண்டா? நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா?

தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் வீடு தமதாகாத மக்களின் பிள்ளைகளுக்கு, ஆசிரியர்கள் இதனையும் கணக்குப் பாடத்தோடு சேர்த்துக் கற்பித்தல் நன்று.