உச்சிக்கு ஏறிச் சாகும் புழுக்கள்

மழை தூறி ஓய்ந்த நாட்களில் நிலக்கடலை வயலைச் சுற்றி வரும்போது, செடிகளின் நுனி இலைகளில் வெட்டுப்புழுக்கள் விறைத்துச் செத்துக் கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். உடல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். அல்லது வெளிர்பச்சைத் தூள் படிந்திருக்கும். பகலில் இலையடியிலும் மண் இடுக்கிலும் பதுங்கிக் கிடக்கும் புழு, வெயிலும் காற்றும் படும் நுனிக்கு வந்து சாவது ஏன்? அதன் உடலுக்குள் புகுந்த பூசணமே அதை மேலே ஏற வைக்கிறது.

வேதாளம் புகுந்த உடல்

விக்கிரமாதித்தன் கதையில், முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்துக்குள் வேதாளம் குடியிருக்கும். ஹெய்தி நாட்டு மக்களின் நம்பிக்கையில், மந்திரவாதியின் ஏவலுக்கு நடமாடும் பிணத்துக்கு ‘ஜோம்பி’ என்று பெயர். திரைப்படங்கள் வாயிலாக இப்பெயரை இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். பூச்சிகளைத் தன் வசப்படுத்தும் பூசணங்களையும் இதனால்தான் ‘ஜோம்பிப் பூசணம்’ என்கிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு. ஜோம்பி செத்த பிறகு நடக்கிறது. பூச்சியோ உயிரோடு இருக்கும்போதே பூசணத்தின் வசப்பட்டு நடந்து, பிறகு சாகிறது.

கட்டெறும்பின் கதை

இவற்றில் நன்கு ஆராயப்பட்டது, வெப்பமண்டலக் காடுகளில் கட்டெறும்பு இனங்களைத் தாக்கும் ‘ஒஃபியோகார்டிசெப்ஸ்’ என்னும் பூசணம். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை அறிஞர் 1859-இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இதைக் கண்டெடுத்தார்.

இப்பூசணத்தின் வித்து எறும்பின் மேல்தோலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது. சில நாட்களில் எறும்பு தன் கூட்டத்தையும் வழக்கமான பாதையையும் விட்டுத் தள்ளாடி அலைகிறது. பிறகு தாழ்வான ஓர் இலையின் அடிப்புறம் சென்று, நரம்பை இறுகக் கடித்தபடி சாகிறது. சில நாட்களில் அதன் தலைக்குப் பின்னாலிருந்து பூசணக் காம்பு முளைக்கிறது. அதிலிருந்து விழும் வித்துக்கள் கீழே செல்லும் மற்ற எறும்புகளைத் தொற்றுகின்றன.

எறும்பு கடிக்கும் இடமும் பூசணத்துக்கு ஏற்றதாகவே அமைகிறது. தாய்லாந்துக் காட்டில் செய்த ஆய்வில், செத்த எறும்புகள் தரையிலிருந்து சுமார் 25 செ.மீ. உயரத்தில் காணப்பட்டன. அங்கே காற்றின் ஈரப்பதம் 94-95 சதம். அவற்றை எடுத்து மர உச்சியிலும் தரையிலும் வைத்தபோது பூசணம் சரியாக வளரவில்லை.

பூசணம் மூளையைப் பிடித்துக்கொள்கிறது என்று பலர் எண்ணினார்கள். 2017-இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பூசண இழைகள் எறும்பின் தசைகளைச் சுற்றி வலைபோல் பின்னியிருந்தன. மூளைக்குள் அவை நுழையவில்லை. பூசணம் சுரக்கும் பொருள்கள் எறும்பின் நடத்தையை மாற்றுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உங்கள் வயலில் நடப்பது

நிலக்கடலையிலும் சோயா மொச்சையிலும் வெட்டுப்புழுவையும் காய்ப்புழுவையும் கொல்வது மெட்டாரைசியம் ரிலேயி (பழைய பெயர் நொமுரியா ரிலேயி) என்னும் பூசணம். 2018-இல் நம் நாட்டில் நுழைந்த மக்காச்சோளப் படைப்புழுவையும் இது தாக்குகிறது. நோயுற்ற புழு இரை தின்பதைக் குறைத்து, செடியின் மேற்பகுதிக்கு ஏறி, இலையைப் பற்றியபடி சாகிறது. ஈரம் இருந்தால் அதன்மேல் முதலில் வெண் பூசணம் படர்ந்து, பிறகு பச்சை வித்துக்கள் உண்டாகின்றன. உயரத்தில் இருப்பதால் காற்றும் மழைத்துளியும் அவற்றைக் கீழுள்ள இலைகளுக்கும் புழுக்களுக்கும் பரப்புகின்றன. வெட்டுக்கிளிகளைத் தாக்கும் மற்றொரு பூசணமும் அவற்றை இவ்வாறே பயிர் நுனிக்கு ஏற்றிக் கொல்கிறது.

தலைகீழாகத் தொங்கி, உடல் தொளதொளத்து, தொட்டால் தோல் கிழிந்து நீர் வடிந்தால் அது நச்சுயிரி நோய். பூசணத்தால் செத்த புழு விறைப்பாக இருக்கும். இரண்டுமே உங்களுக்கு நன்மை செய்பவைதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. விறைத்துச் செத்த புழுக்களைப் பொறுக்கி எரிக்காதீர்கள். ஒவ்வொன்றும் வித்துப் பண்ணையாகும்.

2. பூச்சிமருந்து வாங்கப் புறப்படுமுன் வயலின் பல இடங்களில் செடிகளைப் பாருங்கள். செத்த புழுக்கள் நாளுக்கு நாள் பெருகி, வானமும் ஈரமாக இருந்தால், தெளிப்பைச் சில நாள் தள்ளிப் போடலாம். ஒரு தெளிப்புச் செலவு மிச்சமாகும்.

3. மாங்கோசெப் போன்ற பூசணக்கொல்லிகள் இந்த நல்ல பூசணத்தையும் அழிக்கும். இலைப்புள்ளி நோய்க்குத் தேவைப்பட்டால் மட்டும் தெளியுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பூச்சிமருந்துடன் கலந்து அடிக்க வேண்டாம்.

4. கடையில் வாங்கும் மெட்டாரைசியம், பெவேரியா ஆகியவற்றை மாலையில் தெளியுங்கள். கடும் வெயில் வித்துக்களைக் கொல்லும். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

5. பட்டுப்புழு வளர்ப்போர் மல்பெரித் தோட்டத்திலோ அதன் அருகிலோ இவற்றைத் தெளிக்கக் கூடாது. பெவேரியா பட்டுப்புழுவுக்குச் சுண்ணக்கட்டு நோயை உண்டாக்கும்.

இந்தப் பூசணத்தை மட்டுமே நம்பியிருக்கவும் முடியாது. வறண்ட காலத்தில் இது பரவாது. புழு பெருகிய பின்னரே பலமுறை நோய் கிளம்புவதால், அதற்குள் இலைகள் அரிக்கப்பட்டிருக்கும். சேதம் பொருளாதார அளவைத் தாண்டினால், காத்திராமல் வேளாண்மை அலுவலரைக் கலந்து மருந்திட வேண்டும்.

நமக்கு ஆபத்து உண்டா?

எறும்பையும் புழுவையும் ஆட்டிவைக்கும் இப்பூசணங்கள் மனிதரையோ கால்நடைகளையோ அவ்வாறு வசப்படுத்துவதில்லை. அவை நெடுங்காலமாகக் குறிப்பிட்ட பூச்சிகளுக்கென்றே பழகியவை. எனவே நுனி இலையில் வெளுத்து விறைத்த புழுவைக் கண்டால் அஞ்ச வேண்டாம். அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துச் செடிகளில் இன்னும் எத்தனை உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.