மெய்ப்பை சொல்லும் வரலாறு
(பழைய படைவீரர் கோட்டினை இனங்காணலும் காட்சிப்படுத்தலும்)

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில் நப்பூதனார் ஒரு பாசறைக் காட்சியைத் தீட்டுகிறார். அப்பாசறையில் காவல் பூண்டிருந்த யவன வீரர்கள் சட்டை அணிந்திருந்தனர் என்று கூறும் அவர், அச்சட்டைக்கு வழங்கும் பெயர் 'மெய்ப்பை' என்பதாகும். மெய்யை உள்ளே இட்டுக்கொள்ளும் பை மெய்ப்பை. என்ன பொருத்தமான சொல்! சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்தில் வரும் 'கஞ்சுக முதல்வர்' என்போரும் சட்டை அணிந்தவர்களே. படைத்துறை சார்ந்தோரின் மேலாடை தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று என்பதற்கு இவை சான்றுகளாம்.

அத்தகைய மெய்ப்பை ஒன்றை ஏட்டில் அன்றி நேரில் கண்டு ஆராயும் வாய்ப்பு நமக்குப் பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்தில் கிட்டியது. அதனை இன்னதென அறிந்த வகையையும், அத்தகைய ஆடைகளைக் காட்சிக்கு வைக்கும் முறையையும் மாணவர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் பயன்படுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லில் பெயர், துணியில் மௌனம்

பழவேற்காடு துணிக்குப் பெயர்போன ஊர். கடல் கடந்து சென்ற பழவேற்காட்டுத் துணிகளின் நினைவு, 'பாளையக்காட்டுக் கைலி' என்ற பெயரில் இன்றும் நம் இல்லங்களில் வாழ்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்குக் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். கோட்டை அழிந்துவிட்டது. ஆயினும் அவர்களின் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அக்கற்களில் மாண்டவரின் பெயரும் ஆண்டும் அழகுற வெட்டப்பட்டுள்ளன. அயலவரின் பெயர் கல்லில் நிற்க, அவ்வூருக்கு எதிரே ஏரிக்கும் கடலுக்கும் இடையே வாழும் நம்மவர் ஒருவரின் போர் வாழ்க்கை ஒரு தகரப் பெட்டிக்குள் மடித்துக் கிடந்தது.

நம் துறை மாணவர் ஒருவர், வரலாற்றுக் கண்காட்சிக்குத் தம் வீட்டிலுள்ள பழைய ராணுவக் கோட்டினைத் தர இயலும் என்றார். நாம் அவர் இல்லம் சென்றோம். அவருடைய பாட்டியார், "எங்க நைனா ஜப்பான் சண்டைக்குப் போனவரு, ஐயா. கேப்டனா இருந்தாரு" என்று பெருமையுடன் பெட்டியைத் திறந்தார். காக்கி நிறக் கம்பளிக் கோட்டு. கைகளில் மூன்று பட்டைகள். மார்பில் நாடா வரிசை. பாசி பிடித்த பித்தளைப் பொத்தான்கள். கீழ்ப்பகுதியில் வெண்மையான உப்புக் கறை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது பெட்டிக்குள் நீர் புகுந்தது என்றார் அம்மூதாட்டி.

சீருடை வெறும் துணியன்று

ஒரு கோட்டுக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா எனச் சிலர் வினவலாம். அவர்களுக்கு வேலூர் விடை கூறும். 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் புதிய உடை விதிகளை வகுத்தார். தோல் குஞ்சம் பொருத்திய புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். இந்துக்கள் நெற்றிக்குறி இடலாகாது. முஸ்லிம்கள் தாடியை மழிக்க வேண்டும் என்றெல்லாம் ஆணைகள் பிறந்தன. இரு சமயத்தாரும் ஒருங்கே புண்பட்டனர். ஏனைய மனக்குறைகளும் சேர, 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் எழுந்த புரட்சி குருதியில் முடிந்தது. பின்னர் அவ்விதிகள் கைவிடப்பட்டன. கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். அணிபவனின் மானமும் ஆள்பவனின் அதிகாரமும் சந்திக்கும் இடம் சீருடை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

கோட்டினைப் படிக்கும் முறை

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் எழுத்தமைதி, நூலின் இறுதிக் குறிப்பு, பாடவேறுபாடு, இடைச்செருகல் ஆகியவற்றை நோக்குவர். கோட்டினையும் அவ்வாறே படித்தல் வேண்டும்.

முதலாவது, துணி. 'காக்' என்பது பாரசீகத்தில் மண், புழுதி எனப் பொருள்படும். அதிலிருந்து வந்ததே காக்கி. துணி பருத்தியா கம்பளியா, தையல் கையாலா எந்திரத்தாலா என்பவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உட்புறம். கழுத்துப் பட்டியின் உள்ளும் உட்பையிலும் முத்திரைகள் இருக்கும். அகன்ற அம்புக்குறி அரசின் படைத்துறை உடைமையைச் சுட்டும். அதனோடு 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தும் இருப்பின் இந்தியாவில் செய்யப்பட்டது எனக் கொள்ளலாம். சிலவற்றில் ஆண்டும் வீரரின் படை எண்ணும் மையால் எழுதப்பட்டிருக்கும். ஏட்டின் இறுதிக் குறிப்புக்கு நிகரான பகுதி இதுவே.

மூன்றாவது, பொத்தான். அதன் முன்புறம் ஆட்சியைக் காட்டும். பின்புறத்தில் செய்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். பிரித்தானிய மகுடம் இருப்பின் அது பழைய ஆட்சிக்காலத்தது. 1950 சனவரி 26இல் இந்தியா குடியரசானபோது படைச் சின்னங்களில் மகுடம் நீங்கி அசோகச் சிங்கங்கள் இடம்பெற்றன.

நான்காவது, தரம். கைப்பட்டை ஒன்றாயின் லான்ஸ் நாயக், இரண்டாயின் நாயக், மூன்றாயின் ஹவில்தார். கேப்டனுக்குக் கைப்பட்டை இல்லை. அவருடைய சின்னம் தோளில் அமையும்.

ஐந்தாவது, நாடா வரிசை. கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் ஆகிய மூன்றும் சம அளவில் அமைந்தது 1939–45 ஸ்டார். நடுவே அகன்ற சிவப்பும், இருபுறமும் கருநீலமும், அந்நீலத்தின் நடுவே மெல்லிய ஆரஞ்சுக் கோடும் கொண்டது பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான பர்மாப் போர்முனைக்குரியது அது.

ஆறாவது, இல்லாதவை. சின்னம் கழற்றப்பட்ட இடத்தில் ஊசித்துளைகளும் சாயம் மங்காத திட்டும் எஞ்சும். சிதைந்த ஏட்டின் வெற்றிடமும் செய்தி தருவது போன்றதே இது.

எம் அவசரமும் திருத்தமும்

பொத்தான்களில் சிங்க முகங்களைக் கண்ட மாத்திரத்தில், "அம்மா, இது சுதந்திரத்திற்குப் பிற்பட்ட கோட்டு, ஜப்பான் சண்டைக்கு உரியதன்று" என்று நாம் கூறிவிட்டோம். அம்மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. கோட்டினை மடிக்கத் தொடங்கினார். அவ்வேளையில் மாணவர், "ஐயா, நூல் வேறாக இருக்கிறது" என்றார். உற்று நோக்கினோம். சிங்கப் பொத்தான்களைத் தைத்த நூல் புதியது. அதன் அடியில் பழைய நூலின் துணுக்குகள் இருந்தன. இடப்பக்கப் பையின் மூடியில் மட்டும் மகுடம் பொறித்த பொத்தான் ஒன்று மாற்றப்படாமல் எஞ்சியிருந்தது. உட்புறத்தைத் திருப்பியபோது அம்புக்குறியும் 1944 என்னும் ஆண்டும் தெரிந்தன. நாடா வரிசையில் பர்மா ஸ்டாரும், அதனருகே காவி, வெண்மை, பச்சை ஆகிய மூவண்ணம் கொண்ட இந்திய சுதந்திரப் பதக்கத்தின் நாடாவும் இருந்தன.

நாம் பிழையெனக் கருதிய பொத்தான்களே அக்கோட்டின் தலையாய செய்தி. மன்னரின் படையில் சேர்ந்த ஒருவர் குடியரசின் படையிலும் தொடர்ந்தார்; கோட்டினை மாற்றவில்லை, பொத்தான்களை மாற்றிக்கொண்டார் என்று கொள்ள அது இடந்தருகிறது. இடைச்செருகல் எல்லாம் பொய்யல்ல. சில வேளைகளில் அதுவே வரலாறு. அம்மூதாட்டியிடம் நாம் பிழை பொறுக்க வேண்டினோம்.

எனினும் எல்லை கடந்து கூறலாகாது. நாடாவை எவரும் தைக்கலாம். பழைய இருப்புக் கோட்டு பின்னாளில் வழங்கப்பட்டிருக்கவும் கூடும். இறுதிச் சான்று ஆவணமே. இரண்டாம் உலகப் போரில் இந்திய வீரர்க்கு வழங்கிய பதக்கங்களில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டன. அவை இக்குடும்பத்தில் எஞ்சவில்லை. ஆனால் கழுத்துப் பட்டியில் எண் பாதி தெரிகிறது. படைப்பிரிவு தெரிந்தால், மதராஸ் ரெஜிமெண்டினர்க்கு வெலிங்டனிலும், மதராஸ் சாப்பர் படையினர்க்குப் பெங்களூரிலும் உள்ள ஆவணப் பிரிவுகளுக்குக் குடும்பத்தார் எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வழிகாட்டும்.

காட்சிப்படுத்தும் நெறி

துவைத்தலும் பொத்தானைத் துலக்குதலும் அன்பினால் செய்யும் தீங்குகள். துவைத்தால் முத்திரை மை அழியும், சாயம் பரவும். பித்தளைப் பாலிஷ் பொத்தானின் எழுத்தைத் தேய்த்துத் துணியையும் கறைப்படுத்தும். உப்புக் கறை ஈரத்தை ஈர்ப்பதால் அதனை நீக்குவது நன்று. ஆனால் அது பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய பணி. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கப்பெற்ற வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் உள்ளது; அங்கு ஆலோசனை கேட்கலாம்.

கம்பளியைப் பூச்சி அரிக்கும். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, சுழியத்திற்குக் கீழ் 20 பாகை செல்சியசில் ஒரு வாரம் உறைய வைப்பது அருங்காட்சியகங்கள் கையாளும் முறை. பொத்தான், நாடா முதலியன உள்ளமையால் இதற்கும் அவர்களின் அறிவுரை பெறுதல் நலம். இரும்புக் கம்பியில் தொங்கவிடலாகாது. துரு துணியைத் தின்னும். துவைத்துக் கஞ்சி நீக்கிய வெள்ளைப் பருத்தித் துணியைக் கைகளிலும் தோளிலும் திணித்துக் கிடத்தி வைப்பதே சிறந்தது. குண்டூசி, பசை, செலோடேப் ஆகியவை ஆகா. வெயில் படலாகாது, விளக்கொளி 50 லக்ஸ் அளவைத் தாண்டலாகாது. ஈரப்பதம் ஏறியிறங்காமல் ஏறத்தாழ 50 விழுக்காட்டில் நிற்றல் நன்று. கடற்கரை ஊரில் இது கடினமாதலின், மூடிய கண்ணாடிப் பேழை இன்றியமையாதது. சில நாட்கள் காட்டிவிட்டுப் பெட்டியில் ஓய்வு கொடுத்தலும் வேண்டும். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலுள்ள பழைய ராணுவச் சீருடைகளை மாணவர்கள் ஒருமுறை சென்று காண்பார்களாக.

பெயர்ப்பலகை

எல்லாவற்றினும் கடினமானது பெயர்ப்பலகை எழுதுதல். மாணவர் 'கேப்டன்' என்றே எழுத விரும்பினார். மூன்று பட்டைகளின் பொருளை நாம் பாட்டியாரிடம் விளக்கினோம். அவர் சற்று நேரம் எண்ணிவிட்டு, "எங்க நைனா பொய் சொல்ல மாட்டாரு. நாங்கதான் ஏத்திச் சொன்னோம். என்னவா இருந்தாரோ அதையே எழுதுங்க" என்றார். பல்கலைக்கழகங்களில் நாம் கற்ற ஆய்வு நெறி அனைத்தையும் அவ்வொரு சொல்லில் கண்டோம்.

எனவே பலகையில் இவ்வாறு எழுதினோம்: "ஹவில்தார் ஒருவரின் கம்பளிக் கோட்டு. லைட்ஹவுஸ் குப்பம். உள்முத்திரை 1944. பொத்தான்கள் 1950க்குப் பின் மாற்றப்பட்டவை. ஒன்று மட்டும் பழையது. பர்மாப் போர்முனையில் பணியாற்றியவர் என்பதை நாடா காட்டுகிறது. குடும்பத்தாரும் அவ்வாறே கூறுகின்றனர். கறை, 2004 ஆழிப்பேரலை."

நிறைவுரை

நம் இல்லங்களின் பெட்டிகளில் இத்தகைய கோட்டுகள் இன்னும் உறங்குகின்றன. பழையதென்று எறியுமுன், துவைத்து மடிக்குமுன், அவற்றை ஒருமுறை படித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியோர் சொல்வதை நாளும் பெயரும் இட்டு எழுதி வையுங்கள். கண்காட்சி முடிந்தபின் கோட்டினை அக்குடும்பத்தாரிடமே ஒப்படைத்தோம். தகரப் பெட்டிக்குப் பதிலாக இப்போது அது வெள்ளைத் துணி விரித்த மரப்பெட்டியில் கிடக்கிறது. மகுடப் பொத்தானும் சிங்கப் பொத்தான்களும் அதில் ஒன்றாகவே உள்ளன.