ஏணி உண்டு, முதற்படி எங்கே?

ஓசூர் என்றதும் ஆலைச் சங்கொலிதான் நினைவுக்கு வரும். லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் உருவாகி நாடெங்கும் செல்லும் ஊர் அது. 2004-ல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-ல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தொழில் வளர்ந்தது, நில விலை வளர்ந்தது. ஆனால், அந்த ஆலையில் வியர்வை சிந்தும் தொழிலாளியின் பிள்ளை தன் தொடக்கப் பள்ளியில் ஓடியாடிப் பழக வழி வளர்ந்ததா? அதைத்தான் கேட்கிறோம்.

“வெற்றிக்கு என்ன குறை?” என்பார் உளர். உண்மை! 2024-ல் பாரிசு நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் ஓசூர் மகள் நித்யஸ்ரீ சிவன் இறகுப்பந்தில் வெண்கலம் வென்றார். ஊரே பூரித்தது, நாமும் பூரித்தோம். அந்த வெற்றிக்கான உயர்பயிற்சியை அவர் பெற்றது தொலைவிலுள்ள லக்னோவில். உயர்நிலை எட்டியவர் வெளியூர் சென்று பயில்வது வியப்பன்று. அவரைக் கண்டு துள்ளிய சிறுமிக்குத் தன் பள்ளியிலேயே ஒரு மட்டை கையில் கிடைக்கிறதா என்பதல்லவா கேள்வி?

விளையாட்டில் மேலேற நம் மாநிலம் ஏணி அமைத்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று படிகள் உண்டு. 14, 17, 19 வயதிற்குட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. விளையாட்டு விடுதிகள் உண்டு. அரசுப் பணியில் விளையாட்டு வீரருக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடும் உண்டு. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் 98 பதக்கங்களுடன் நம் மாநிலம் இரண்டாமிடம் பெற்றதும் இந்த ஏணியால்தான்.

ஆனால், ஏணியின் முதற்படி எங்கே இருக்கிறது? உடற்திறன் கண்டறியும் மாநிலத் தேர்வை வகுத்தார்கள் – 6, 7, 8 ஆம் வகுப்பினருக்கு. விடுதிச் சேர்க்கை – 7 ஆம் வகுப்பிலிருந்து. முதலமைச்சர் கோப்பையின் பள்ளிப் பிரிவு – 12 வயதிலிருந்து. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் குழந்தை தரையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்!

சட்டமும் அப்படியே அமைந்துவிட்டது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள்? உடற்கல்விக்கான பகுதி நேரப் பயிற்றுநரைப் பற்றி அது பேசுவது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்! 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் அந்த இருவரே கட்டி மேய்க்க வேண்டும். பதிவேட்டையும் எழுத வேண்டும். விசில் ஊத அவர்களுக்கு ஏது நேரம்? குறை அவர்களுடையதன்று, ஏற்பாட்டினுடையது.

பார்க்கும் கண் ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சேலம் மாவட்டமே சான்று. பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்து மோதிக் கால் சிதைந்த ஏழைச் சிறுவன் மாரியப்பன். அவனுடைய தாவும் திறனைக் கண்டு ஊக்கியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம்! பின்னர் டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம். அந்தக் கண் அன்று பார்க்காதிருந்தால்?

தளியிலும் அஞ்செட்டியிலும் மலைப்பாதையில் நடந்தே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு அந்தக் கால்கள் ஆகாவா? ஆகும், சொல்லத்தான் ஆளில்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்; சென்னையோ 300 கிலோமீட்டருக்கு மேல். வசதி படைத்தோர் பணம் கட்டி, எல்லை தாண்டிப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பலாம். ஷிப்டு முடிந்து களைத்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி எங்கே அனுப்புவார்?

“சின்னஞ்சிறுசுகளுக்குப் போட்டி எதற்கு? படிப்புக் கெடுமே!” என்று கேட்போர் உண்டு. பத்து வயதுக்குள் பதக்கம் வாங்கு என்று நாம் பிள்ளையை விரட்டச் சொல்லவில்லை. ஓடவும், தாவவும், எறியவும், பிடிக்கவும், கூடி ஆடவும் முறையாகப் பழக்குங்கள் என்கிறோம். பள்ளியில் சோறு எதற்கு என்றும் ஒரு காலத்தில் கேட்டார்கள்! 1920-ல் நீதிக்கட்சியார் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு தந்தார்கள். 1956-ல் காமராசர் மதிய உணவை விரித்தார். 1982-ல் அது சத்துணவாயிற்று. 2022-ல் காலை உணவும் வந்தது. படிப்பா கெட்டது? வகுப்பறையல்லவா நிறைந்தது!

எனவே வலியுறுத்துகிறோம். அருகருகே உள்ள சில தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் உடற்கல்வி ஆசிரியரை அமர்த்துங்கள். நாளுக்கொரு பள்ளியாக அவர் சுற்றி வரட்டும். ஒன்றியந்தோறும் ஆண்டுக்கொருமுறை 3 முதல் 5 வகுப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா எடுங்கள். அதில் திறன் காட்டிய பிள்ளையின் குறிப்பு ஆறாம் வகுப்புக்கு அவனோடு போகட்டும். எல்லைப்புறத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலும் அறிவிப்புச் செல்லட்டும். பள்ளித் திடலில் ஓரடியும் பறிபோகாமல் வேலியிட்டுக் காத்திடுங்கள்.

பணம் எங்கே என்பீர்களா? 2013 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பெருநிறுவனங்கள் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. ஊரக விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஓசூரில் ஆலைகளுக்கா பஞ்சம்? ஆலையதிபர்களிடம் நாம் கேட்பது பிச்சையன்று. அந்த மண்ணின் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பங்கு. எனினும் ஆசிரியர் ஊதியம் அரசின் கடமை. அதை ஆலையின் தயவில் விடலாகாது.

சோறிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்த நாடு இது. அதே பிள்ளையின் கையில் ஒரு பந்தையும் கொடுக்கட்டும். எறியக் கற்றுத்தர ஓர் ஆசிரியரையும் கொடுக்கட்டும்!