சுட்டதெல்லாம் மறந்துபோகும்... அந்த ரோபோ மறக்காது! - `டைட்டன்ஃபால் 2' கதையை முடித்தவர் மனதில் நிற்பது என்ன?

ஷூட்டர் கேம் என்றதும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான். காதைப் பிளக்கும் துப்பாக்கிச் சத்தம். ``எந்நேரமும் டமால் டுமீல்னு... அதுல அப்படி என்னதான் இருக்கு?'' என்று அம்மாவோ, தாத்தாவோ கேட்காத வீடு குறைவு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. பல ஷூட்டர் கேம்களில் கதை என்பது ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் வரும் இடைவேளை மாதிரிதான். விளையாடுகிறவர்களே பட்டனை அழுத்தி அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால், 2016 அக்டோபர் 28 அன்று வெளியான `டைட்டன்ஃபால் 2' கேமின் சிங்கிள் பிளேயர் கதையை முடித்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள். எந்தத் துப்பாக்கி நன்றாக இருந்தது என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். முதலில் ஒரு ரோபோவைப் பற்றித்தான் பேசுவார்கள். பெயர், பி.டி-7274. மொத்தக் கதையும் ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் ஓர் இயந்திரத்தை நண்பனாக்கி, கடைசியில் தொண்டை அடைக்கவும் வைக்கிறது இந்த கேம்.

(இன்னும் விளையாடாதவர்கள் கவனத்துக்கு... க்ளைமாக்ஸ் உட்பட முழுக்கதையும் கீழே இருக்கிறது!)

முதல் பாகத்தில் இல்லாத கதை

`கால் ஆஃப் டியூட்டி' வரிசையை உருவாக்கிய ஜேசன் வெஸ்ட்டும் வின்ஸ் ஸாம்பெல்லாவும் 2010-ல் தொடங்கிய நிறுவனம் ரெஸ்பான் என்டர்டெயின்மென்ட். இவர்களின் முதல் கேமான `டைட்டன்ஃபால்' 2014 மார்ச்சில் வந்தது. அது முழுக்க முழுக்க ஆன்லைன் கேம். தனியாக உட்கார்ந்து விளையாடும் கதை அதில் கிடையாது. ஆன்லைன் சண்டைகளுக்கு நடுவே பின்னணியில் ஒலிக்கும் பேச்சுகளில்தான் கதை நகரும். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடிக்கொண்டிருப்பவர் காதில் அது எங்கே விழப்போகிறது?

இரண்டாம் பாகத்தில் அந்தக் குறையைச் சரிசெய்தார்கள். ஒன்பது மிஷன்கள் கொண்ட முழுநீளக் கதை ஒன்றைத் தனியாகவே கொடுத்தார்கள்.

சாதாரண சிப்பாய் கையில் ஒரு டைட்டன்

கதை எளிமையானது. விண்வெளியின் எல்லைப்புறக் கிரகங்களின் வளங்களைச் சுரண்ட வருகிறது ஐ.எம்.சி என்ற மாபெரும் கார்ப்பரேட் நிறுவனம். அதை எதிர்த்துப் போராடுகிறது மிலிஷியா என்ற படை. அந்தப் படையில் துப்பாக்கி ஏந்தும் சாதாரண சிப்பாய்தான் ஹீரோ ஜாக் கூப்பர். 

இந்த உலகத்தில் `பைலட்' என்றால் விமானி இல்லை. சுவரில் ஓடி, அந்தரத்தில் இரண்டாவது முறை எம்பிக் குதித்து, `டைட்டன்' எனப்படும் ராட்சத ரோபோவுக்குள் அமர்ந்து சண்டை போடும் சிறப்பு வீரர். கூப்பருக்குப் பைலட் ஆக வேண்டும் என்று ஆசை. கேப்டன் லாஸ்டிமோசா அவருக்கு ரகசியமாகப் பயிற்சி கொடுக்கிறார். அது முடிவதற்குள் டைஃபான் என்ற கிரகத்தில் போர் மூள்கிறது. லாஸ்டிமோசா படுகாயமடைகிறார். சாகும் தறுவாயில் தன் ஹெல்மெட்டையும், தன் டைட்டனான பி.டி-யையும் கூப்பரிடம் ஒப்படைக்கிறார்.

பி.டி-க்கு மூன்றே விதிகள். ஒன்று, பைலட்டுடன் இணைவது. இரண்டு, ஒப்படைத்த பணியை முடிப்பது. மூன்று, பைலட்டைக் காப்பது. ஆரம்பத்தில் கேட்கும்போது மெஷின் கையேட்டில் அச்சடித்திருக்கும் வாசகம் போலத்தான் தோன்றும். க்ளைமாக்ஸில் இதே மூன்றாவது விதி நெஞ்சில் வந்து இடிக்கும்.

ஜோக் புரியாத ஜோடி!

பி.டி-க்கு நகைச்சுவை புரியாது. கிண்டலாக எதைச் சொன்னாலும் நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, அதற்குச் சீரியஸாகப் பதிலும் சொல்லும். உயிர்போகிற நேரத்தில் `வெற்றி வாய்ப்பு இத்தனை சதவிகிதம்' என்று கணக்கு ஒப்பிக்கும். கூப்பர் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட, அந்த ராட்சத இரும்புக் கையும் தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் இடத்தில் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

அவ்வப்போது பி.டி-யிடம் என்ன பதில் சொல்வது என்று விளையாடுபவரே தேர்ந்தெடுக்கலாம். இரண்டு பதில்கள் திரையில் வரும். எதைச் சொன்னாலும் கதை மாறாது. ஆனாலும், அந்தச் சின்ன வாய்ப்பு ஒரு வேலை செய்கிறது. கூப்பரும் பி.டி-யும் பேசுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், தானே பி.டி-யிடம் பேசத் தொடங்கிவிடுகிறார்.

இன்னொரு காட்சி. தாண்டவே முடியாத பெரிய இடைவெளி. கூப்பரைக் கையில் தூக்கி, பந்தை வீசுவதுபோல அந்தப் பக்கம் வீசப்போவதாகச் சொல்கிறது பி.டி. பதறுகிறவரிடம், `என்னை நம்பு' என்கிறது. அவ்வளவுதான், அந்தரத்தில் பறக்கிறார் கூப்பர். அந்த நேரத்தில் விளையாடுபவர் கையில் எதுவுமே இல்லை. ரோபோ குறிபார்த்து வீசியிருக்கும் என்று நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை. நட்பைப் பற்றி வசனம் பேசாமல், நம்பிக்கையை இப்படி அனுபவமாகவே கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு பட்டனில் இரண்டு காலம்

ஒவ்வொரு மிஷனிலும் ஒரு புது யோசனை. அது சலிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். 

`இன்டு தி அபிஸ்' மிஷனில் ஒரு பிரமாண்டமான ஆலை. கார் தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களைக் கோப்பதுபோல, இங்கே முழு வீடுகளையே இயந்திரக் கைகள் கோத்துக்கொண்டிருக்கும். நகரும் சுவர்களில் ஓடியபடியே எதிரிகளைச் சமாளிக்க வேண்டும். கால் வைத்திருக்கும் தரையே சிறிது நேரத்தில் சுவராக மாறி எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து வரும் `எஃபெக்ட் அண்டு காஸ்' மிஷன்தான் பலரும் இன்றுவரை கொண்டாடுவது. இடிந்து பாழடைந்த ஓர் ஆராய்ச்சிக்கூடம். கூப்பரின் மணிக்கட்டில் ஒரு கருவி. பட்டனை அழுத்தினால் அதே இடத்தின் கடந்த காலம் கண்முன் வந்துவிடும். பளபளக்கும் தாழ்வாரங்கள், விஞ்ஞானிகள், காவலர்கள். மீண்டும் அழுத்தினால் நெருப்பும், இடிபாடும், கொடிய விலங்குகளும் நிறைந்த நிகழ்காலம். கடந்த காலத்தில் சுவர் இருக்கும், நிகழ்காலத்தில் இருக்காது. ஒரு சுவரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே காலத்தை மாற்றி, அடுத்த காலத்தில் இருக்கும் சுவருக்குத் தாவ வேண்டும். விரலும் மூளையும் ஒன்றாக ஓடினால்தான் பிழைக்க முடியும்.

இதில் சுவாரஸ்யமான தொழில்நுட்ப ரகசியம் ஒன்று உண்டு. கேம் உண்மையில் காலத்தை மாற்றுவதில்லை. ஒரே கட்டடத்தின் இரண்டு வடிவங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பட்டனை அழுத்தும்போது விளையாடுபவரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாற்றுகிறார்கள். இரட்டை மாடி வீடு மாதிரி... படிக்கட்டு மட்டும் இல்லை!

இவ்வளவு அருமையான கருவியை அந்த மிஷன் முடிந்ததுமே கதையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். `இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே' என்ற ஏக்கத்தோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்திருக்கிறது.

இடறும் இடங்கள்

குறையே இல்லாத கேமா என்றால், இல்லை. வில்லன்கள்தான் பெரிய ஏமாற்றம். பிளிஸ்க் என்பவர் தலைமையிலான கூலிப்படை வீரர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள், நாலு வசனம் பேசுகிறார்கள், சண்டையிட்டுச் சாகிறார்கள். அவர்கள் யார், ஏன் இந்த வேலைக்கு வந்தார்கள் என்பதற்குக் கதையில் இடமில்லை. 

இன்னொன்று கொஞ்சம் யோசிக்க வைப்பது. ஒரு ரோபோவுக்காகக் கலங்க வைக்கும் இதே கேம், வழிநெடுக நூற்றுக்கணக்கில் சுடப்படும் எதிர்த்தரப்புச் சிப்பாய்களுக்காக ஒரு நொடிகூட நிற்பதில்லை. கூப்பரும் முந்தைய நாள்வரை அப்படி ஒரு சாதாரண சிப்பாய்தானே! அன்பு காட்ட ஒருவரைக் காட்டிவிட்டு மற்றவர்களை வெறும் இலக்குகளாக்குவது ஷூட்டர் கேம்களின் பழைய பழக்கம். `டைட்டன்ஃபால் 2'-ம் அதைத் தாண்டவில்லை.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியதும் இங்கேதான். ரத்தமும் வன்முறையும் இருப்பதால், அமெரிக்க மதிப்பீட்டு அமைப்பு இதை 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான கேமாகவே வகைப்படுத்தியிருக்கிறது. `ரோபோ நட்புக் கதை' என்று நம்பிச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டாம்.

மூன்றாவது விதி

மிலிஷியாவின் தாய்க்கிரகமான ஹார்மனியையே அழிக்கக்கூடிய `ஃபோல்டு வெப்பன்' என்ற ஆயுதத்தைத் தயார் செய்கிறது ஐ.எம்.சி. அதைத் தடுக்கும் போராட்டத்தில் பி.டி-யின் உடல் சிதைந்துபோகிறது. கண் போன்ற அதன் மையக் கருவியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறார் கூப்பர். 

கேம் தன் மொத்த வித்தையையும் காட்டுவது இங்கேதான். அதுவரை ஆபத்து வந்தால் பி.டி-க்குள் ஏறிக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தது. இப்போது அந்த இரும்பு உடம்பு இல்லை. ஒரு பாதுகாப்பு போய்விட்டது என்பதை எந்த வசனமும் சொல்ல வேண்டியதில்லை, கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கையே சொல்லிவிடும். பிறகு புதிய உடல் ஒன்று வந்திறங்கி, அதில் பி.டி மீண்டும் கண் திறக்கும்போது வரும் நிம்மதியும் அப்படியே.

அந்த நிம்மதி நீடிப்பதில்லை. ஆயுதத்தை அழிக்க ஒரே வழி, இருவரும் அதற்குள்ளேயே பாய்வதுதான். பாய்கிறார்கள். ஆனால், தன் பைலட் சாவதை பி.டி ஏற்கவில்லை. ஏற்கெனவே ஒரு பைலட்டை இழந்த டைட்டன் அது. இன்னொருவரை இழக்கத் தயாராக இல்லை. முன்பு இடைவெளியைத் தாண்ட வீசியதைப் போலவே கூப்பரைத் தூக்கி வெளியே வீசுகிறது. அதே `என்னை நம்பு'. முதல்முறை கேட்டபோது பதற்றமும் சிரிப்பும் வந்த அதே வார்த்தை. இந்த முறை வீசிய கை திரும்பி வராது. 

டைஃபான் கிரகமே வெடித்துச் சிதற, கூப்பர் மட்டும் காப்பாற்றப்படுகிறார்.

விற்பனையில் சறுக்கல், நினைவில் வெற்றி

இப்படிப்பட்ட கேமுக்கு அமைந்த நேரம்தான் சரியில்லை. ஒரு வாரம் முன்னதாக, அக்டோபர் 21 அன்று `பேட்டில்ஃபீல்டு 1' வந்தது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4 அன்று `கால் ஆஃப் டியூட்டி: இன்ஃபினிட் வார்ஃபேர்' வந்தது. தீபாவளிக்கு இரண்டு உச்ச நட்சத்திரங்களின் படங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நல்ல படத்தின் கதிதான். வெளியீட்டாளரான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் எதிர்பார்த்த விற்பனை நடக்கவில்லை.

2019-ல் இதே உலகத்தை வைத்து ரெஸ்பான் வெளியிட்ட `ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' என்ற இலவச ஆன்லைன் கேம்தான் பெரிய ஹிட் ஆனது. `டைட்டன்ஃபால் 2' 2020 ஜூனில் ஸ்டீம் தளத்துக்கு வந்தபோது புதிதாகப் பலர் அதைக் கண்டுகொண்டார்கள். மூன்றாம் பாகம் இதுவரை வரவில்லை. ஆன்லைனை மட்டுமே நம்பியிருந்த முதல் பாகத்தின் விற்பனை 2021 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 

ஆன்லைன் கேமுக்கு எதிரே விளையாட ஆள் வேண்டும், சர்வர் வேண்டும். கூட்டம் கலைந்தால் கதையும் கலைந்துவிடும். சிங்கிள் பிளேயர் கதைக்கு அந்தக் கவலை இல்லை. வெளியாகிப் பல ஆண்டுகள் கழித்து, யாரோ ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து தொடங்கினாலும், பி.டி அதே மூன்று விதிகளைச் சொல்லும், அதே மாதிரி ஜோக் புரியாமல் விழிக்கும், அதே இடத்தில் தூக்கி வீசும்.

முடித்தவர்கள் உடனே எழுந்து போய்விட வேண்டாம். பெயர்கள் ஓடி முடிந்த பிறகு ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. கூப்பரின் ஹெல்மெட். இருட்டில் அதன் விளக்குகள் மெல்ல மினுங்குகின்றன... யாரோ பேச முயல்வதுபோல!