கிரிபஸ்: ஒரு தீவு நாட்டுப் பெயரின் ஒலி வரலாறு

1. முன்னுரை

குடியேற்ற ஆட்சியினின்று விடுதலை பெற்ற நாடுகள் தம் பெயரை அமைத்துக்கொண்ட முறைகளைப் பொதுவாக இருவகைப்படுத்தலாம். ஆட்சியாளர் இட்ட பெயரை அவ்வாறே வைத்துக்கொள்ளுதல் ஒன்று. அதனை நீக்கி மண்ணின் பெயரை மீட்டெடுத்தல் மற்றொன்று. மொரீசியஸ் முதல் வகைக்கும் துவாலு இரண்டாம் வகைக்கும் சான்றாகும். பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்த குடியரசு ஒன்று இவ்விரண்டிலும் அடங்காத வழியை மேற்கொண்டது. அயலார் இட்ட பெயரைத் தன் மொழியின் ஒலி மரபுக்கேற்பத் திரித்து, அத்திரிபையே நாட்டின் பெயராக்கியது. அப்பெயரின் தோற்றத்தையும், அதனைத் தமிழில் எழுதுங்கால் எழும் சிக்கலையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயரின் வரலாறு

ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற முதல் ஆங்கிலக் கப்பற் கூட்டத்தைச் சேர்ந்த சார்லட், ஸ்கார்பரோ என்னும் இரு கப்பல்கள், 1788இல் தேயிலை ஏற்றுவதற்காகச் சீனம் நோக்கிச் சென்றன. அவற்றின் தலைவர்கள் முறையே தாமஸ் கில்பர்ட், ஜான் மார்ஷல் ஆவர். அவர்கள் வழியில் கடந்த தீவுகளுக்கு, 1820ஆம் ஆண்டளவில் ருசியக் கடற்படைத் தலைவர் குரூசென்ஸ்டெர்ன் ‘கில்பர்ட் தீவுகள்’ எனப் பிரெஞ்சு மொழியில் பெயரிட்டார். வடக்கேயுள்ள தீவுக்கூட்டத்திற்கு மார்ஷலின் பெயர் நிலைத்தது. ஓர் ஆங்கிலேயரின் பெயர், ஒரு ருசியரால், பிரெஞ்சு வடிவில் நிலப்படம் ஏறியமை கருதத்தக்கது. அத்தீவுகளில் வாழ்ந்தோர்க்கு இதில் எவ்விதப் பங்கும் இல்லை.

1892இல் இத்தீவுகள் பிரித்தானியப் பாதுகாப்பிற்கு உட்பட்டன. 1916இல் தெற்கேயுள்ள எலிஸ் தீவுகளுடன் இணைந்து ஒரே குடியேற்ற நாடாயின. 1975இல் பிரிந்த எலிஸ் தீவுகள் 1978இல் துவாலு என்னும் பெயரில் விடுதலை பெற்றன. கில்பர்ட் தீவுகள் 1979 சூலை 12ஆம் நாள் விடுதலை பெற்றன.

கில்பர்ட் தீவுக்கூட்டத்திற்குத் ‘துங்காரு’ என்னும் பழம்பெயர் உண்டு. ஆயின் அது அக்கூட்டத்தை மட்டுமே சுட்டுவது. புதிய நாட்டிலோ பீனிக்ஸ், லைன் தீவுக்கூட்டங்களும் பனபா தீவும் அடங்கின. ஆதலின் ‘கில்பர்ட்ஸ்’ என்னும் ஆங்கிலப் பன்மை வடிவின் உள்ளூர் உச்சரிப்பே நாடு முழுமைக்கும் பெயராயிற்று.

3. ஒலித்திரிபு

இம்மொழி ஆஸ்திரோனேசியக் குடும்பத்தின் மைக்ரோனேசியப் பிரிவைச் சார்ந்தது. 1857இல் அங்குச் சென்ற அமெரிக்கச் சமயப் பணியாளர் இளைய ஹைராம் பிங்காம் உரோமன் எழுத்தில் இதற்கு எழுத்துமுறை வகுத்தார். அம்முறையில் எழுத்துகள் பதின்மூன்றே. சகர ஒலிக்குத் தனி எழுத்து இல்லை. தகரம் இகரத்தின் முன் வரும்போது ‘ஸ்’ என ஒலிக்கிறது. எனவே தனி எழுத்துத் தேவைப்படவில்லை.

‘கில்பர்ட்ஸ்’ அடைந்த மாற்றங்கள் வருமாறு:

(அ) சொல்முதல் ஒலிப்புடைக் ககரம் ஒலிப்பிலாக் ககரமாயிற்று.
(ஆ) லகரம் இம்மொழியில் இன்மையால் ரகரமாயிற்று.
(இ) மெய்ம்மயக்கத்தைத் தவிர்க்க இடையே இகரம் தோன்றியது.
(ஈ) ஆங்கில நடுவுயிர் அகரமாயிற்று.
(உ) இறுதி மெய்கள் தகர இகரமாக எழுதப்பட்டு ‘ஸ்’ என ஒலிக்கின்றன. இறுதி இகரம் செவிக்குப் புலப்படுவது அரிது.

இதனால் ‘கிரிபதி’ என எழுத்துக்கூட்டத்தக்க பெயர் ‘கிரிபஸ்’ என ஒலிக்கிறது. இம்மாற்றங்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. ‘திரவ்ய’ என்பது ‘திரவியம்’ என்றும், ‘ரத்ன’ என்பது ‘இரத்தினம்’ என்றும் ஆனவிடத்தும் மெய்ம்மயக்கத்தை உயிர் பிரித்தமை காண்க. நம் இலக்கணிகள் தற்பவம் என்று வகுத்ததன் பாற்படுவதே இப்பெயரும். ஓரெழுத்து இடத்திற்கேற்ப வேறொலி பெறுதலும் தமிழ் வல்லெழுத்துகளில் நாம் அறிந்ததே.

4. மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்கு

தமிழில் இப்பெயர் ‘கிரிபட்டி’ என்றும் ‘கிரிபாத்தி’ என்றும் எழுதப்படுவதுண்டு. இவ்விரண்டும் உரோமன் எழுத்தைப் பின்பற்றுவன. ஒலியைப் பின்பற்றுவன அல்ல. முன்னது, ஆங்கிலச் சொற்களுக்குரிய டகர வழக்கை ஆங்கிலமல்லாத சொல்லின்மேல் ஏற்றுகிறது. ‘கிரிபஸ்’ என்பதே பொருத்தமுடையது. கிரந்த எழுத்தை விலக்குவோர் ‘கிரிபசு’ எனலாம்.

நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியைக் கொண்ட தீவின் பெயரிலோ சிக்கல் மிகுதி. 1777 கிறிஸ்துமஸ் காலத்தில் கேப்டன் குக் அங்கு வந்தமையால் அப்பண்டிகையின் பெயர் பெற்ற அத்தீவு, உள்ளூர் எழுத்தில் ‘கிரிதிமதி’ என அமைந்து ‘கிரிஸ்மஸ்’ என ஒலிக்கிறது. எழுத்துவழி ‘கிரிட்டிமட்டி’ என்பது பிழை. பொருள் தெரிந்து ‘கிறிஸ்துமஸ் தீவு’ எனப் பெயர்ப்பதோ வேறோர் இடர் தரும். ஆஸ்திரேலிய ஆட்சிக்குட்பட்ட அப்பெயருடைய தீவு இந்துப் பெருங்கடலில் உள்ளது. ஆகவே முதன்முறை குறிப்பிடும்போது ‘லைன் தீவுக்கூட்டத்துக் கிரிஸ்மஸ்’ என அடைகொடுத்து எழுதுதல் நன்று.

5. முடிவுரை

வேர்நோக்கில் இது குடியேற்ற ஆட்சியின் பெயரே. எனினும் அம்மக்கள் தம் நாவிற்கேற்ப ஆக்கிக்கொண்டு, தம் நாட்டிற்கும் மொழிக்கும் தமக்கும் உரிய பெயராக ஏற்றுள்ளனர். சொல்லின் பிறப்பு வேறு, உரிமை வேறு. மூலத்தைத் தேடிக் ‘கில்பர்ட்’ எனத் திருத்துவதும், எழுத்தை நம்பி ஒலியைக் கைவிடுவதும் அவ்வுரிமையைப் புறக்கணிப்பதாகும். ஒரு நாட்டின் பெயரை அந்நாட்டார் ஒலிக்குமாறு எழுதுவதே மொழிபெயர்ப்பாளரின் கடன்.