தீசிஸ் என்னும் தீமிதி!

"வேலையை விட்டுட்டு மறுபடியும் படிக்கப் போறேம்ப்பா..."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டிசைன் செக்‌ஷனில் இருந்த நண்பர் இப்படிச் சொன்னதும், ஈஸிசேரில் சாய்ந்திருந்த அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"ஜாதகம் கொடுத்து வெச்சிருக்கேன்டா! மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேட்டா, 'ஸ்கூலுக்குப் போறார்'னா சொல்றது?"

நண்பர் அசரவில்லை. கேட் பரீட்சை எழுதினார். அப்ளைடு மெக்கானிக்ஸில் எம்.டெக். சீட்டும் வாங்கிவிட்டார். இரண்டே வருடம், நாலு செமஸ்டர். கையில் டிகிரி, புது வேலை, உடனே டும்டும்டும்... இதுதான் கணக்கு.

ஆனால் படிப்பு முடிய இரண்டரை வருடம் ஆயிற்று! மாதம் 12,400 ரூபாய் என்று வந்துகொண்டிருந்த உதவித்தொகை 24 மாதத்தோடு நின்றுபோனது. கேம்பஸில் கிடைத்த வேலையும் "டிகிரி எங்கே சார்?" என்று கேட்டுவிட்டுக் கைநழுவிப் போனது.

அந்த ஆறு மாதம் எங்கே போயிற்று? நண்பரே கணக்கு ஒப்பிக்கிறார். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி எம்.டெக். கனவு காண்பவர்கள் கொஞ்சம் காது கொடுக்கலாம்.

மார்க் போடும் வாத்தியார்

"முதல் செமஸ்டர்ல பிரச்னையே இல்லை. கணக்கு, கன்டின்யூவம் மெக்கானிக்ஸ், எலாஸ்டிசிட்டின்னு அவங்களே கொடுத்துடுவாங்க. நாமளா தேர்ந்தெடுக்கிற எலெக்டிவ் வரும்போதுதான் கோட்டை விட்டேன். ரூம்மேட் எதை எடுத்தானோ அதையே எடுத்தேன். அந்த சார் மார்க்கை வாரி வழங்குவார்னு கேள்வி!"

மார்க் வந்தது. பிறகு ப்ராஜெக்ட்டும் வந்தது. உலோகத்தில் ஃபெட்டீக் விரிசல் எப்படி வளர்கிறது என்பது தலைப்பு. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் 'படக்'கென்று ஒடியுமே, அந்தச் சமாசாரம்தான். அதற்கு ஆதாரமான ஃப்ராக்சர் மெக்கானிக்ஸைத்தான் நண்பர் எடுக்கவே இல்லை! மூன்றாவது செமஸ்டரில் தானே உட்கார்ந்து படித்தார். ஒன்றரை மாதம் காலி.

எனவே முதல் பாடம்: எலெக்டிவ் ஃபாரத்தை நிரப்பும் முன்பே யாரிடம், எதில் தீசிஸ் என்று முடிவு பண்ணுங்கள். முதல் செமஸ்டரிலேயே நாலு புரொபசர்களின் அறைக்கதவைத் தட்டுங்கள். யாரும் கடித்துவிட மாட்டார்கள்!

இயந்திரத்துக்கு க்யூ

அடுத்தது சோதனை. கொஞ்சம் மனக்கணக்குப் போடுவோமா? உலோகத் துண்டை விநாடிக்குப் பத்து தடவை இழுத்து விடுகிறது மெஷின். பத்து லட்சம் தடவை இழுக்க ஒரு லட்சம் விநாடி, அதாவது ஏறக்குறைய 28 மணி நேரம். ஒரு துண்டுக்கு மட்டும்! பதினைந்து துண்டுக்கு இரவு பகலாக ஓட்டினாலும் பதினேழரை நாள். 'நான் ஒடிய மாட்டேன்' என்று அடம்பிடிக்கிற துண்டை ஒரு கோடி தடவை வரை ஓட்டுவார்கள். அதற்கு மட்டும் பதினொன்றரை நாள்.

மெஷின் ஒன்று. க்யூவில் ஆறு பேர். நடுவில் கரன்ட் கட்.

"ரேஷன் கடையில சர்க்கரைகூட வாங்கிடலாம் சார், அந்த மெஷின்ல எடம் பிடிக்க முடியாது!" என்கிறார் நண்பர். போனது இரண்டு மாதம். துண்டுகளை வெட்டிக் கடைந்து வாங்குவதையும், மெஷினில் தேதி வாங்குவதையும் முந்தைய விடுமுறையிலேயே முடித்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார்.

மூன்று வந்ததா?

சரி, கம்ப்யூட்டர் வேலையாவது ஒழுங்காக நடந்ததா? கலர் கலராகப் படம் போட்டுக் கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினார். கைடு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நடுவில் ஓட்டை போட்ட தகட்டை இதில் போட்டுப் பார்த்தாயா? மூன்று வந்ததா?"

பெரிய தகடு ஒன்றின் நடுவில் சின்ன வட்டத்துளை போட்டு இழுத்தால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும். 1898-லேயே கிர்ஷ் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டுச் சொன்ன விஷயம். நண்பருக்கு வந்தது 2.3! துளையைச் சுற்றி வலைப்பின்னலை அகலமாகப் போட்டிருந்தார். எல்லாவற்றையும் திரும்பப் போட ஒரு மாதம்.

இது வாத்தியாரின் வீம்பு இல்லை. 1954-ல் காமெட் என்ற ஜெட் விமானங்கள் இரண்டு, மூன்று மாத இடைவெளியில் நடுவானில் உடைந்து மத்தியதரைக் கடலில் விழுந்தன. காரணம் தேடியவர்கள், முழு விமானத்தையே தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். விமான உடலில் வெட்டிய திறப்புகளின் மூலையில் சேர்ந்த தகைவும், அங்கே கிளம்பிய ஃபெட்டீக் விரிசலும்தான் வில்லன். 2.3-க்கும் 3-க்கும் நடுவில் உயிர்கள் இருக்கின்றன சாமி!

கடைசியில் எழுதிக்கலாம்...

மிச்சம் ஒன்றரை மாதத்தைத் தின்றது, எழுதும் வேலை. "ரிசல்ட் வரட்டும், மொத்தமா எழுதிக்கலாம்னு இருந்தேன். எழுத உட்கார்ந்தப்போதான் எந்த கிராஃப் எந்தத் துண்டோடதுன்னே தெரியலை!"

மெஷின் ஓடுகிற அந்த 28 மணி நேரத்தில் எழுதியிருக்கலாமே? "கேரம் விளையாடினோம்" என்கிறார் அப்பாவியாக.

ராஜினாமா எழுதும் முன்...

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல்.-லில் கன்டின்யூவம் மெக்கானிக்ஸ் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம். வேலை முடிந்து வந்து, ஒரு மாதம் தினம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். டென்சரைப் பார்த்துத் தூக்கம் வந்தால், வேலையிலேயே இருங்கள். தூக்கம் போனால், ராஜினாமா எழுதுங்கள். கேட் மார்க் மூன்று வருடம் செல்லும், அவசரமே இல்லை.

நண்பருக்கு இப்போது நல்ல வேலை. பெண் பார்க்கவும் போனார்கள்.

"மாப்பிள்ளை எதில் ஆராய்ச்சி?" என்று கேட்டார் பெண்ணின் தாய்மாமன்.

"விரிசலில்!" என்றார் அப்பா பெருமையாக.

கூடமே அமைதியானது. பஜ்ஜித் தட்டோடு வந்த பாட்டிதான் காப்பாற்றினாள்.

"வரும் முன்னாடியே கண்டுபிடிச்சுடுவார்தானே? அப்போ தட்டை மாத்திக்குங்கோ!"