முகிலின் நடையும் சிற்றலைக் கணக்கும்

வங்கக் கடலின் நடுவே, தீவுகள் நீங்கலாக, பலூன் பறக்கவிட்டுக் காற்றை அளக்கும் நிலையம் ஏதுமில்லை. புயல்கள் உருவாவதோ அக்கடல் வெளியிலேதான். ஆதலின் வானிலை அறிஞர் முகிலையே காற்றுக்குக் குறியாகக் கொள்கின்றனர். 2016-ஆம் ஆண்டில் ஏவப்பெற்ற இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோள், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அரைமணிக்கொரு படம் எடுக்குமாறு அமைக்கப்பட்டது. அடுத்தடுத்த படங்களில் ஒரு முகில் நகர்ந்த தொலைவைக் கண்டால் காற்றின் வேகமும் திசையும் புலனாகும்.

சொல்வது எளிது. வினாடிக்கு 15 மீட்டர் வேகமுள்ள காற்று, முகிலை அரைமணியில் 27 கிலோமீட்டர் தள்ளிவிடும். அகச்சிவப்புப் படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய 4 கிலோமீட்டரைக் குறிப்பதாகலின், இது ஏழு புள்ளித் தொலைவு. எத்திசையென்று அறியாதார் 225 இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இங்கே துணைபுரிவது சிற்றலை உருமாற்றம். அவற்றுள் எளியது, ஹங்கேரியக் கணித அறிஞர் ஆல்ஃபிரெட் ஹார் 1910-இல் வெளியிட்டது. ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையிலேயே செய்துகாட்டலாம். 8, 6, 3, 7 என்னும் எண்களை இரண்டிரண்டாக எடுத்தால் சராசரிகள் 7, 5. வேறுபாட்டின் பாதிகள் 1, −2. ஏழுடன் ஒன்றைக் கூட்ட 8, கழிக்க 6. மூல எண்கள் இழப்பின்றி மீளும். படத்தில் இதனைக் கிடைவரிசையிலும் நெடுவரிசையிலும் செய்வர். சராசரிகள் மட்டும் சேர்ந்தால் சிறியதொரு படம். இருமுறை சுருக்கினால் ஒரு புள்ளி 16 கிலோமீட்டர் ஆகிவிடும். முகிலின் நகர்ச்சி இரண்டு புள்ளிக்குள் அடங்கும். அங்கே 25 இடங்களில் தேடி, பின்னர்ப் படிப்படியாக இறங்கி ஒன்பது ஒன்பது இடங்களில் திருத்தினால் மொத்தம் 43 ஒப்பீடுகளே.

ஆயின் இம்முறையில் ஒரு பொறி உண்டு. 0, 0, 8, 8 என்னும் வரிசையில் பாதி வேறுபாடுகள் 0, 0. முகில் இடப்புறம் ஒரு புள்ளி நகர, வரிசை 0, 8, 8, 0 ஆகும். இப்போது அவை −4, 4. முகில் அதுவே, கணக்கோ வேறு! சராசரிகளும் 0, 8 என்பதிலிருந்து 4, 4 ஆகிவிட்டன. இணைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்காமல், அடுத்தடுத்த எல்லா இணைகளையும் எடுத்தால் இக்குறை நீங்கும். எண்களும் முகிலோடு ஓரிடம் நகர்ந்து நிற்கும். உழைப்பு மிகும், எனினும் அதுவே நேர்மையான வழி.

மற்றொரு பிழையைக் கணக்கினால் மட்டும் நீக்க இயலாது. மலைமுகட்டின் அருகே சில முகில்கள் பலத்த காற்றிலும் அசையாது நிற்கும். முகிலின் உயரத்தைப் பிழையாக மதிப்பிட்டால், சரியான வேகமும் தவறான மட்டத்தில் பதிவாகும். இதனால்தான் சென்னை, விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் நிலையத்தார் விடும் பலூனின் அளவுகளோடு இக்காற்றுகளை ஒத்துப்பார்க்கின்றனர்.